பலா மூச்சு

யார் வாயும் நாறாத ஊர் ஒன்று இருக்க முடியுமா என்று சிபி ஒரு காலத்தில் தன்னையே கேட்டுக்கொண்டான். கேட்டதோடு விட்டிருக்கலாம். விடவில்லை, பதிலையும் கண்டுபிடித்துத் தொலைத்தான்.

கோயம்புத்தூரில் நாச்சிமுத்துவின் பால் பண்ணையில் அவன் வாசனை வேதியியலாளன். பண்ணை என்றால் மாடும் சாணியும் கண்ணில் தெரியும். இங்கே மருந்துக்கும் ஒரு மாடு கிடையாது. எஃகுத் தொட்டியில் ஒருபுறம் பால் இறங்கும், மறுபுறம் தயிராக வண்டி ஏறும். அந்தத் தயிரின் உறையைத்தான் சிபி மாற்றினான். சாதாரண உறையில் உள்ள நுண்ணுயிர் பாலைப் புளிக்கவைத்துவிட்டு வயிற்றோடு போய்விடும். சிபியின் உறை போகாது. நாக்கின் மடிப்பிலும் பல்லின் இடுக்கிலும் குடித்தனம் வைத்துக்கொள்ளும். நாம் தின்றதில் மிச்சம் மீதியைத் தின்று, பழம் பழுக்கும்போது எதையெல்லாம் உண்டாக்குமோ அதையெல்லாம் உண்டாக்கும். ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட்டால் போதும், சில வாரங்களுக்கு வாயைத் திறந்தால் வாழைப்பழ வாசம்.

தேன்வாய் என்று பெயர் வைத்தார்கள். முதலில் வாங்கியவர்கள், வாயைக் கையால் பொத்திக்கொண்டே பேசிப் பழகியவர்கள். அவர்களில் சிலர் பண்ணைக்கே வந்து சிபியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த மட்டில் அது நல்ல காரியந்தான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. பிறகு பெண் பார்க்கப் போகிறவர்கள் வாங்கினார்கள். பிறகு பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்கின. நாச்சிமுத்து விலைக்கு ஒரு பழம் என்று பிரித்தார். வாழை மலிவு, மாம்பழம் கொஞ்சம் கூட, அன்னாசி அதற்கும் மேலே. ஒருவன் வாயைத் திறந்தால் அவன் சம்பளம் தெரிந்துபோயிற்று. எந்தப் பழமும் மணக்காதவனுக்கு வெறும்வாய் என்று பட்டம் கிடைத்தது. அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் காவலாளி முன்னால் ஊதிக் காட்டிவிட்டுத்தான் மாடி ஏற முடிந்தது. இன்னின்னாரை வாசலோடு நிறுத்துவதற்கு இந்த ஊரில் முன்பு என்னென்னவோ காரணங்கள் வேண்டியிருந்தன. இப்போது அந்த வேலையை மூக்கு ஒன்றே பார்த்துக்கொண்டது.

சிபியின் வீட்டில் பாத்திரம் துலக்கும் ராசாத்தியும் ஊதிவிட்டுத்தான் வந்தாள். "நாய் மோந்து பார்க்கற மாதிரி பார்க்கறானுங்க, அண்ணா" என்று ஒருநாள் சொன்னாள். சிபிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நான் செய்தது வாசம் மட்டுந்தான், மற்றதெல்லாம் மற்றவர்கள் செய்வது என்று நினைத்துக்கொண்டு சட்டையை மாட்டிக் கிளம்பினான்.

அந்த வாரத்தில்தான் டாக்டர் ரஹீமா பண்ணைக்கு வந்தார். அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைப் பார்க்கிறவர், ஐம்பது வயதிருக்கும். நாச்சிமுத்து காபி வரவழைத்தார். அந்த அம்மா அதைத் தொடவில்லை.

"சர்க்கரை நோய் பெரியவங்களுக்குத்தான்னு ஜனங்க நினைக்கறாங்க. சின்னப் பிள்ளைகளுக்கும் வரும் சார், திடுதிப்புனு வரும். உடம்புல இன்சுலின் நின்னுபோயிரும். சர்க்கரையை எரிக்க வழியில்லாம உடம்பு கொழுப்பை எரிக்கும். அப்ப மூச்சுல ஒரு வாசம் வரும்."

"அசிட்டோன்" என்றான் சிபி.

"உங்களுக்குத் தெரியாததா? மூக்குக்கு அது எப்படி இருக்கும்னா, பழுத்து அழுகப் போற பழம் மாதிரி. 'பாப்பா பழமே திங்கலைங்க, ஆனா வாயில பழ வாசம் அடிக்குது'ன்னு சொல்லிட்டுத்தான் எங்ககிட்டத் தூக்கிட்டு வருவாங்க. இப்ப ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் பழ வாசம். யாரும் வர்றதில்லை. பேச்சு மூச்சு இல்லாம விழுந்த பிறகுதான் வர்றாங்க."

"ரத்தத்துல பார்த்தா தெரிஞ்சிருமுங்களே, மேடம்."

"தெரியும். பார்க்கணும்னு யாருக்காவது தோணணுமே, சார்? அந்தத் தோணல் இத்தனை நாளும் மூக்குல இருந்துதான் வந்துட்டு இருந்துச்சு."

நாச்சிமுத்து மிகவும் பணிவானவர். "பொட்டலத்து மேலயே ஒரு எச்சரிக்கை போட்டுரலாமுங்க, டாக்டரம்மா" என்று சொல்லி வாசல் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "பழ வாசம் நோய்க்கு அடையாளம்னு நம்ம பொட்டலத்துல நாமளே அடிச்சா எவன் வாங்குவான்?" என்றார். டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று சிபிக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவன் மண்டை முழுக்க அப்போது பலாப்பழம் நிறைந்திருந்தது.

பலா அவனை ரொம்ப நாளாகப் படுத்திக்கொண்டிருந்தது. வாழை வாசத்துக்கு எஸ்டர் என்கிற மணப்பொருளில் ஒன்றே ஒன்றைப் பிடித்தால் முக்கால் வேலை முடிந்துவிடும். பலா அப்படி மசியாது. அவன் செய்த உறை ஒவ்வொன்றும் மிட்டாய்க்கடை எசன்ஸ் மாதிரியே மணத்தது. நன்றாகப் பழுத்த பலாவைப் பிளக்கும்போது இனிப்புக்கு அடியில் ஒரு குத்தல் வருமே, நகப்பூச்சை அழிக்கிற திரவம் மாதிரி, இன்றைக்குத் தின்றால் உண்டு நாளைக்கு அழுகிவிடும் என்று சொல்கிற குத்தல், அதுதான் அவனுக்கு அகப்படவில்லை. பலா வந்துவிட்டால் அதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது என்று நாச்சிமுத்து முன்பே முடிவு செய்திருந்தார்.

வீட்டில் சிபிக்கு ஒரு சின்னப் பரிசோதனைக்கூடம் உண்டு. அவள் பெயர் மகிழினி. ஒன்பது வயது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பாவின் மூக்குக்கு நேரே வந்து ஊதுவாள்.

"என்ன பழம்?"

"வாழை. இன்னும் காய்தான், போ."

சில நாள் செங்காய் என்பான். பழம் என்று தீர்ப்புக் கிடைக்கிற நாளில் படிகளில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்குவாள். இந்த விளையாட்டு இல்லாமல் அந்த வீட்டில் பொழுது விடிந்ததில்லை. புதிதாக எந்த உறை வந்தாலும் மகள்தான் முதலில் சாப்பிட்டுப் பார்ப்பாள். தனக்குக் கிடைத்த பெரிய கௌரவமாக அதை நினைத்தாள். பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பலா உறையின் புதிய வகை தயாரானதும், அவள் வாயில் இருந்த பழைய உறையை மருந்துநீரால் கொப்பளிக்கவைத்து எடுத்துவிட்டு, சிபி தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் பலாத் தயிர் கொடுக்க மனைவியிடம் சொன்னான். காலையில் ஊதினாள். ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை.

"வெறும்வாய்தான் கண்ணு."

"ஸ்கூல்ல சிரிப்பாங்கப்பா" என்றாள் மகி.

"வந்துரும், பொறு."

இதற்கு நடுவில் பிள்ளை இளைக்க ஆரம்பித்தாள். எந்நேரமும் தண்ணீர் கேட்டாள். ராத்திரியில் பல தடவை எழுந்து போனாள், ஒருநாள் படுக்கையிலேயே போய்விட்டு வெட்கப்பட்டு அழுதாள். சிபியின் மனைவி கோகிலா ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள், எதையும் யோசித்துச் செய்கிறவள். பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்து, சூடு ஏறிவிட்டது என்று முடிவு செய்தாள். நம் ஊரில் சூடு என்று ஒரு நோய் இருக்கிறது; எதற்கும் அதைச் சொல்லலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். சிபியும் மறுக்கவில்லை. கோகிலா மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். இளநீர் கொடுத்தாள், நுங்கு வாங்கி வந்தாள், பள்ளி விட்டு வந்ததும் பெரிய தம்ளரில் கரும்புச்சாறு கொடுத்தாள். மகி ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். தாகம் எடுத்த பிள்ளை வாங்கி வாங்கிக் குடிப்பதைப் பார்க்கத் தாய்க்குத் திருப்தியாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் மகி ஊதியபோது சிபி அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னொரு தடவை ஊது, அம்மிணி."

ஊதினாள். கனிந்த இனிப்பு, அதற்கு அடியில் அந்தக் குத்தல். ஆய்வகத்தில் எத்தனையோ குடுவைகளில் தேடிக் கிடைக்காதது மகளின் வாயிலிருந்து வெதுவெதுப்பாக வந்து அவன் முகத்தில் பட்டது. அவனுக்குக் கை மயிர் சிலிர்த்தது. அவளை வாரித் தூக்கினான். ரொம்ப லேசாக இருந்தாள். சந்தோஷத்தில் அதை அவன் கவனித்தும் கவனிக்கவில்லை.

"என்ன பழம்ப்பா?"

"பலா. நல்லாப் பழுத்தாச்சு."

மகி சிரித்தாள். படியில் குதிக்கவில்லை, காலணியோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள். "கால் வலிக்குது" என்றாள். சிபி ஓடிப்போய் மூச்சு பிடிக்கும் பையைக் கொண்டுவந்தான். "இதுல நிறைய ஊதுடா தங்கம், அப்பா ஆபீஸுக்குக் கொண்டுபோறேன்." அவள் ஆழ ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பை சீக்கிரமே நிரம்பியது.

ஆய்வகத்தில் உதவிக்கு இருந்த ஹரிணி பையைக் கருவியில் பொருத்தினாள். திரையில் கோடுகள் எழுந்தன. "சார், அசிட்டோன் ரொம்பத் தூக்கலா இருக்குது" என்றாள்.

"அதுதாம்மா அந்தக் குத்தல். அதை விட்டுட்டா மறுபடியும் எசன்ஸ் ஆயிரும். இதையே அளவா வெச்சுக்கோ. இந்த வாசம் அப்படியே வர்ற மாதிரி தொட்டியில இருக்கிற உறையைத் திருத்தணும். ஒரு இம்மி மாறக் கூடாது."

நாச்சிமுத்து ஓடி வந்து முகர்ந்து பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவரச் சொன்னார். சிபியின் வாயில் ஜிலேபி இருக்கும்போதுதான் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மகி வாந்தி எடுத்தாளாம், மேஜையில் தலை வைத்துப் படுத்தவளை எழுப்ப முடியவில்லையாம்.

அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் டாக்டர் ரஹீமா பிள்ளையின் முகத்தருகே குனிந்தார். நிமிர்ந்தபோது சிபியை அடையாளம் தெரிந்துகொண்டார். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொன்னார், ஊசிகள் ஏற்றச் சொன்னார், பிறகு கேட்டார்: "இந்த வாசம் எத்தனை நாளா இருக்குது?"

"அது எங்க உறை, மேடம்" என்றான் சிபி. "பலா. புது வகை. இவளுக்குத்தான் முதல்ல கொடுத்தோம். இன்னைக்குத்தான் பிடிச்சுது."

கோகிலா அவன் முகத்தையே பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தப்புச் செய்த பிள்ளை மாதிரி மெல்லச் சொன்னாள்.

"அவ உங்க பலாத் தயிரை நாலு நாள்கூடச் சாப்பிடலைங்க. பலான்னாலே சூடு, பிள்ளைக்கு ஆகமாட்டேங்குதுன்னு நானே நிறுத்திட்டேன். கடையில வாங்கின சாதா மோருதான் ஊத்திட்டு இருந்தேன். சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லலை. அதனாலதான் இப்படி ஆயிருச்சுங்களா?"

"இல்லை" என்றான் சிபி. நாலு நாளில் பிடிக்காத உறை நிறுத்திய பிறகு பிடிக்காது; மகளின் வாயில் அது இருக்கவேயில்லை. அவன் கொண்டாடியது எதை, பையில் பிடித்துக்கொண்டு ஓடியது எதை என்று அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. டாக்டர் ரஹீமாவுக்கும் தெரிந்தது. அந்த அம்மா தலையைத் திருப்பிக்கொண்டார்.

மகிழினி மறுநாள் சாயங்காலம் இறந்துபோனாள். மூளை வீங்கிவிட்டது என்றார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் சிபியிடம் சொன்னார். சின்ன வயசு, எதைச் சொல்வது எதை விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

சிபி பண்ணைக்குப் போகவில்லை. வீட்டில் அவனும் கோகிலாவும் ஆளுக்கொரு அறையில் கிடந்தார்கள். கோகிலா மகளின் தலையணையை யாரையும் தொடவிடவில்லை. ராத்திரியில் அதில் முகம் புதைத்துப் படுத்தாள். பிறகு ஒருநாள் வாசம் போய்விட்டது என்று சொல்லி அழுதாள்; அப்படியொரு அழுகையைச் சாவன்றுகூட அவள் அழவில்லை. சிபிக்குத் தேற்றவும் வாய் வரவில்லை.

முப்பதாம் நாள் காரியத்துக்கு நாச்சிமுத்து வந்தார். சிபியைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதார். அவர் பெண் பிள்ளைகளைப் பெற்றவர். "ஆண்டவன் கண்ணில்லாதவன், சிபி" என்று காதருகே சொன்னபோது அவர் வாயிலிருந்து அது வந்தது. கனிந்த இனிப்பு, அடியில் குத்தல்.

சிபி அவரை விலக்கிவிட்டு இரண்டடி பின்வாங்கினான்.

"என்னங்கய்யா இது?"

"பலா. உன் பலாதான், சிபி. நீ சொன்ன அளவை வெச்சு அந்தப் பொண்ணு ஹரிணி முடிச்சிருச்சு. போன வாரம் கடைக்கு விட்டோம். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

சிபி சொன்னான். அந்தப் பையில் இருந்தது யாருடைய மூச்சு, என்ன மூச்சு என்று ஒன்றுவிடாமல் சொன்னான். நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சு செய்யலையே நாம."

"இப்பத் தெரிஞ்சிருச்சுங்களே. நிறுத்துங்க."

"நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க, கண்ணு. என்னன்னு சொல்லுவே?" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு சிபி வெளியே போன இடமெல்லாம் பலா இருந்தது. காசுள்ளவர்கள் எல்லோரும் பலாவுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். லிஃப்டில் மேல்மாடிக்காரர் குனிந்து துக்கம் விசாரித்தார். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அவன் பெயரைச் சரிபார்த்தாள். தெருவில் சின்னப் பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிக்கொண்டு ஓடின. அத்தனை பேரும் அவன் மகளின் கடைசி வாரத்தை மூச்சாக விட்டார்கள். அவன் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்தான். வெறும்வாய்க்காரன் போலிருக்கிறது, மறைக்கிறான் என்று ஒரு பையன் சொல்லிச் சிரித்தான்.

டாக்டர் ரஹீமா ஒருநாள் கூப்பிட்டார். அரசு ஒரு விசாரணைக் குழு போட்டிருக்கிறது, நாளைக்குக் காலையில் கூடுகிறது என்றார்.

"நான் சொன்னா, டாக்டருங்க எப்பவும் பயமுறுத்துவாங்கன்னு தள்ளிருவாங்க, சார். அதைச் செஞ்ச நீங்களே வந்து, நான் மோந்து பார்த்தேன், எனக்கே வித்தியாசம் தெரியலைன்னு சொன்னாப் போதும். ஒரே நாள்ல தடை வந்துரும். என் வார்டுல இப்ப இன்னொரு பிள்ளை கிடக்குது. இதுவும் பலா வாசம்னுதான் வீட்டுல விட்டுட்டாங்க."

"வர்றேனுங்க, மேடம். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

சொல்லிவிடுவது என்று தீர்மானித்ததும் அவனுக்கு மகி போனதிலிருந்து முதல் தடவையாகப் பசித்தது. கோகிலாவிடம் முதலில் சொல்லவேண்டும். நாளைக்குப் பேப்பரில் படித்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. அந்த வாசம் என்னவென்று சொன்னால், அவள் ஊற்றிக் கொடுத்த கரும்புச்சாறு என்ன செய்தது என்றும் அவள் கேட்பாள். கேட்டால் அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே அவன் சமையலறைக்குப் போனான்.

கோகிலா தலைவாரிப் பூ வைத்திருந்தாள். சோறு வடித்து, ரசம் வைத்து, அப்பளமும் பொரித்திருந்தாள். மேடையில் கழுவிக் கவிழ்த்த தயிர்க் கிண்ணம் ஒன்று இருந்தது. அவள் முகம் அழுது தெளிந்த முகமாக இருந்தது.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள். "ராசாத்தி அந்த மேல்வீட்டம்மா கொடுத்ததுன்னு கொண்டுவந்து கொடுத்தா. சாப்பிட்டுப் பார்த்தேன். ரெண்டு நாளா எனக்கு ஒரே திகைப்பு. நம்ம தங்கத்தோட வாசமுங்க. கடைசியில பக்கத்துல படுத்திருந்தாளே, அந்த வாசம். அவ அந்தத் தயிரை எப்பவோ நிறுத்தியாச்சுன்னு எனக்குத்தானே தெரியும்? அப்ப அது அவளோட சொந்த வாசந்தானே?"

சிபி மேடையில் கவிழ்ந்திருந்த கிண்ணத்தைப் பார்த்தான்.

"உங்களை நான் மனசுக்குள்ள என்னென்னவோ திட்டிட்டு இருந்தேன். பிள்ளை போன பிறகு ஒரு வார்த்தை பேசலையேன்னு. நீங்க இந்த வேலையைத்தான் செஞ்சிட்டு இருந்தீங்களா? அவ வாசம் போயிரக் கூடாதுன்னுதானே தயிர்ல எடுத்து வெச்சீங்க?"

அவன் வாயைத் திறந்தான். நாளைக்குக் குழுவில் சொல்லவேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. கோகிலா அவன் சட்டையைப் பிடித்து அருகில் இழுத்தாள். கால்விரலில் எம்பி நின்று, அவன் மூக்குக்கு நேரே, மகி ஊதுவது போலவே ஊதினாள்.

"சொல்லுங்க. என்ன பழம்?"

அவள் கண்ணில் ஒரு பிள்ளையின் ஆவல் இருந்தது. சிபிக்கு முகம் நனைந்துவிட்டது. அவள் அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"பலா" என்றான். "நல்லாப் பழுத்தாச்சு."

மறுநாள் காலையில் டாக்டர் ரஹீமா இரண்டு தடவை கூப்பிட்டார். சிபி எடுக்கவில்லை.